எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லீங்க

மலையாள எல்லையோரத்து எருத்தேன்பதியில் கோயில் நோம்பிக்குச் சாயங்காலம் ஆர்கெஸ்ட்ரா. நோட்டீஸின் கடைசி வரியில், பொடி எழுத்தில், ஞானஜோதி பேர். கமலாத்தாளுக்குக் கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது.

நாடக மேடையில் குறத்தி வேஷம் கட்டின ஞானஜோதி அல்லவா அவள்! அஞ்சரைக் கட்டையில் அவள் விருத்தம் எடுத்தால் வேலந்தாவளம் சந்தை மாடெல்லாம் தலையைத் தூக்கும் என்று, கேட்டுப் பன்னிரண்டு வருஷமான பிறகும் கமலாத்தாள் சொல்லிக்கொண்டிருந்தாள். "கேட்டுத்தான் பாப்பமே" என்று மளிகைக்கடை ரஸியாவும் ஷட்டரை இழுத்துவிட்டுக் கூட வந்தாள். கமலாத்தாளோ மாட்டைக்கூடக் கறக்காமல் வந்திருந்தாள்.

நாலு சினிமாப் பாட்டு ஆனது. அப்புறம் கோட்டுப் போட்ட அறிவிப்பாளர், பழைய நாடகக்காரம்மாவுக்கும் ஒரு சின்ன அவசரம் கொடுக்கப் போவதாக மலையாளத்தில் சொன்னார். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. ரேஷன் கடையிலும் வில்லேஜ் ஆபீஸிலும் மலையாளம் பேசியே நரைத்த கமலாத்தாளுக்கு அது தெரியாதா என்ன? அந்தச் 'சின்ன'தான் சுருக்கென்றது.

ஞானஜோதி வந்தாள். இளைத்திருந்தாள். கண்ணை மூடி விருத்தம் எடுத்தாள். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது, பாடுகிறவளின் மூச்சுதான். நாடகத்தில் ஆர்மோனியக்காரர் அவள் வாயைப் பார்த்துப் பின்னாலேயே வருவார். இங்கே கீபோர்டு மீசைக்காரர், முதல் வரி முடியும் முன்பே ஒரு பொத்தானை அமுக்கினார். டும் டக் டும் டக். பாட்டு அறுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் டும் டக்.

"ஏனுங்க, அந்தப் பொட்டிய நிறுத்துங்க!" கமலாத்தாள் எழுந்தே விட்டாள். "அது விருத்தமுங்க! அதுக்கெதுக்கு ஒலக்கை இடி?"

"அக்கா, உக்காருங்க. எல்லாரும் பாக்கறாங்க." ரஸியா முந்தானையை இழுத்தாள்.

"பாக்கட்டும்."

அறிவிப்பாளர் சிரித்தார். "அம்மே, சமயமில்லா. எல்லார்க்கும் அவசரம் கொடுக்கண்டே?"

"எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லீங்க! உங்களுக்கு அவசரமா வந்தா, பின்னால தென்னந்தோப்பு இருக்குது, போயிட்டு வாங்க. அந்தம்மா பாடட்டும்!"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. ஞானஜோதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மீசைக்காரர் பக்கம் திரும்பினாள். "சுதி மட்டும் பிடிங்க தம்பி. நாலு கட்டை. நான் போற பக்கம் பின்னால வாங்க, போதும்."

"அஞ்சரைன்னீங்களே?" ரஸியா கிசுகிசுத்தாள்.

"அவளுக்கு மட்டும் வயசாகாதாக்கும்? பேசாமக் கேளு புள்ள."

குரல் முன்போல் ஏறவில்லை. ஏறாத இடத்தில் கொஞ்சம் நின்று, சுற்றி, வேறு வழியாகப் போய்ச் சேர்ந்தாள். மீசைக்காரர் அவள் வாயையே பார்த்தபடி விரலை நகர்த்தினார். ரஸியா இழுத்த முந்தானையை விடவே இல்லை. கமலாத்தாளுக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது, கண் மட்டும் ஒழுகியது. இந்தக் குரலுக்கா பொடி எழுத்து?

கைதட்டல் ஓயவில்லை. அறிவிப்பாளர், "அடுத்த அவசரம்..." என்று ஆரம்பித்தார். கமலாத்தாள் செருப்பைத் தேடி மாட்டினாள்.

"இப்பத்தான் புள்ள எனக்கு அவசரம்."

"மாடு கறக்கவாக்கா?"

"அது அப்புறம்."

நோட்டீஸை நாலாக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, கமிட்டிக்காரர்கள் மேசையைப் பார்த்து நடந்தாள்.