பழைய பாஸ்வேர்டு

தைத்து முடித்த கவுனின் படம் வாடிக்கைக்காரிக்குப் போவேனா என்று அடம்பிடித்தது. தையல்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள். வீட்டுக்கு நெட் வைத்துக் கொடுத்தது அவன்தான். ஆள் எலக்ட்ரீஷியன். எந்த வேலையிலும் குறுக்குவழி தேடுவதில் மன்னன்.

"பக்கத்து வீட்டுல எவனாவது ஓசியில ஓட்டறானோ என்னமோ. நெட் பெட்டியோட ஆப்பைத் திறந்து பாரு. யார் யாரு மாட்டியிருக்காங்கன்னு காட்டும்" என்றான்.

திறந்தாள். அவள் போன் இருந்தது. டிவி இருந்தது. மகளின் டேப் இருந்தது. அது கண்ணெதிரே தையல் மேசையில் சார்ஜில் கிடந்தது. அதற்குக் கீழே இன்னொரு பெயர்: சிங்கம்.

தன் போனுக்கு அப்படிப் பெயர் சூட்டிக்கொண்ட ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான், அவள் புருஷன். வெளியே வாலைச் சுருட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, வீட்டுக்குள் வந்ததும் கர்ஜிக்கிற ஜாதி. அவன் அறைந்த அறையில் அவளுக்கு இடது காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு ஊர் மாறி, நம்பர் மாற்றி, இந்த மூன்றாம் மாடிக்கு வந்ததே அவன் கண்ணில் படாமல் பிழைக்கத்தான். விலாசம் அண்ணனைத் தவிர ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது.

"அண்ணா, அந்தாளு போன் நம்ம நெட்ல இருக்கு."



"அவனுக்கு எப்படிம்மா பாஸ்வேர்டு தெரியும்?"

"நீதானே பழைய வீட்டுல இருந்த நெட் பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வெச்சே. எல்லாம் தானா பிடிச்சுக்கும், ஒவ்வொண்ணா மாத்த வேண்டாம்னு."

தானாகத்தான் பிடித்துக்கொண்டது. பழைய வீட்டுச் சாவிக்கே திறக்கிற பூட்டைத் தேடி வாங்கிப் புது வீட்டுக்கு மாட்டியிருக்கிறார்கள், அண்ணனும் தங்கையும்.

"சிக்னல் எவ்வளவு காட்டுது?"

"முழுசா."

"அப்ப ரொம்பக் கிட்டத்துலதான் இருக்கான். கதவைத் தாழ் போடு. பாஸ்வேர்டை மாத்து, பழசுல ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. நான் இதோ கிளம்பிட்டேன்."

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்தாள். படிக்கட்டு காலியாக இருந்தது. கீழே எங்கோ செருப்புச் சத்தம் கேட்டது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று அந்தப் பாழாய்ப்போன காதால் பிரித்தறிய முடியவில்லை. உள்ளறையில் மகள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பயமுறுத்துவானேன் என்று கூப்பிடவில்லை.

புது பாஸ்வேர்டு கேட்டு ஆப் காத்திருந்தது. பயத்தில் மூளை வேலை செய்யவில்லை. மேசையில் கிடந்த கவுனின் அளவுகளையே தோள், மார்பு, இடுப்பு, உயரம் என்று வரிசையாக அடித்தாள். ஒருமுறை தப்பாகி, அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். நெட் பெட்டியின் விளக்குகள் அணைந்து எரிந்தன. தன் போனில் புதியதைப் போட்டு உள்ளே போய்ப் பார்த்தாள். அவள் போன் மட்டும்தான் இருந்தது. சிங்கத்தைக் காணோம்.

அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. "அம்மா, நெட் போயிடுச்சு."

"கொஞ்சம் பொறு கண்ணு" என்று சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தாள். டேப் அங்கேயேதான் கிடந்தது.

"நீ எதுல நெட் பார்த்தே?"

மகளின் கை முதுகுக்குப் பின்னால் போனது. பிறகு மெல்ல முன்னால் வந்தது. மூலை உடைந்த பழைய போன். புதுசு வாங்கியபோது, விளையாடிக்கோ என்று அவன் மகளிடம் தூக்கிப் போட்டது.

"வரும்போது பையோட வந்துடுச்சும்மா. சிம்கூட இல்ல. இன்னிக்குதான் சார்ஜ் போட்டேன். ஆன் பண்ணதும் நெட் தானா வந்துச்சு. உடனே அப்பா வீடியோ கால்ல வந்துட்டாரு." குரல் தாழ்ந்தது. "அழுதாரும்மா."

அவன் படிக்கட்டில் இல்லை. அந்த நிம்மதி அவளுக்கு ஒரு கணம்கூட நிலைக்கவில்லை.

"என்ன கேட்டாரு?"

"ஜன்னல் வழியா என்ன தெரியுதுன்னு கேட்டாரு. எதிர்ல பல் டாக்டர் போர்டு இருக்குல்ல, அதைக் காட்டினேன். எழுத்து சரியா தெரியல, படிச்சுச் சொல்லுன்னாரு."

"படிச்சியா?"

"டாக்டர் பேரு படிச்சேன். கீழே தெருப் பேரைப் படிக்கிறதுக்குள்ள கட் ஆயிடுச்சு." அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "தப்பாம்மா?"

"உன் மேல ஒரு தப்பும் இல்லடா."

போனை வாங்கி அணைத்தாள். உள்ளறைக்குப் போய்த் திரையை இழுத்து மூடினாள். டாக்டரின் பெயர் தெரிந்தால் போதும், ஆஸ்பத்திரியைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அண்ணனை மறுபடி அழைத்தாள்.

"பைக்ல வராதண்ணா. சாமான் ஏத்தற வண்டியா எடுத்துக்கிட்டு வா."