எல்லை தாண்டிய குடும்பப் பெயர்

ஐரோப்பாவில் ஒரு வசைச்சொல் இன்னொரு மொழிக்குள் போக வேண்டுமானால், எல்லை ரயில் நிலையத்தில் இறங்கி ஓர் ஆளை நோகடித்துக் காட்ட வேண்டும். ஆளின் முகம் வாடினால் உள்ளே விடுவார்கள். வாடாவிட்டால் அடுத்த ரயிலில் ஊருக்கே திருப்பி அனுப்புவார்கள். அந்த ஆள் நான்தான். உள்ளூர்க்காரர்கள் பதிலுக்குத் திட்டிவிடுகிறார்கள் என்று பெருந்துறையிலிருந்து என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

அன்று வடக்கேயிருந்து ஒரு சொல் வந்து இறங்கியது. கம்பளிக் கோட்டு, பளபளவென்று பூட்ஸ். நாட்டை எதிரிக்குத் தூக்கிக் கொடுத்த ஒரு மந்திரியின் குடும்பப் பெயர் அது. இப்போது போகிற மொழியிலெல்லாம் துரோகி என்று அர்த்தம். துரோகிக்கு எல்லா மொழியிலும் சொந்தச் சொல் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வெளியூர்ச் சரக்கு என்றால் ஒரு மவுசுதானே.

அதன் பின்னாலேயே சிக்னே என்ற பெண் இறங்கினாள். மந்திரிக்குத் தூரத்து உறவு, அவளுக்கும் அதே பெயர். எல்லைக்கு எல்லை அதைத் துரத்திக்கொண்டு வருகிறாளாம்.

"பள்ளிக்கூடத்துல என் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட டீச்சருக்கே வாய் வரலைங்க," என்றாள். "இந்த ஒரு தடவை முகம் வாடாம இருங்க. அது வீட்டுக்கு வந்துடும்."

சரி என்றேன். நிலைய அதிகாரி என் முன்னால் வந்து நின்று, அந்தச் சொல்லை வாய் நிறையச் சொன்னார். என் முகம் என்னைக் கேட்காமலே வாடிவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம். சொல் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனது.

சிக்னே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் பக்கம் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பேரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம், என்னுடையது குழந்தைசாமியின் கு என்று சொல்லி, அதைக் கழற்றிக் கொடுத்தேன். தன் பேருக்கு முன்னால் வைத்துப் பார்த்தாள். மகள் பேருக்கும் வைத்துப் பார்த்தாள். பொருத்தமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போட்டேன். பொண்ணு சிக்னேயும் பேத்தியும் குளிர் தேசத்தில் இருக்கிறார்கள், முறுக்கு எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன் என்றார்.

"அப்பா, நான் தனசீலன் பேசறேன்."

"எந்த ஊருங்க தம்பி?"

"பெருந்துறைங்க."

"அட, நம்ம ஊரு. உங்கப்பா யாருங்க?"

தெரியவில்லை என்றேன்.

"வருத்தப்படாதீங்க தம்பி. ஊருக்குத் திரும்புனதும் யாருன்னு விசாரிச்சு வைக்கிறேன்," என்றார்.

நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.