தட்டில் பத்தொன்பதாம் நாள்

வேங்கிக்காலிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பௌர்ணமியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பக்தி அல்ல, சிக்கனம். கிரிவலம் சுற்றும் வழியில், செங்கம் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டிலும் தலையைக் காட்டிவிடலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பஜ்ஜியை முடித்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மா ஆராயி சொன்னார்: "பொண்ணு புடிச்சிருக்கு. சுத்திட்டு வந்து, காலையில தட்டு மாத்திக்கலாம்."

"காலையில நான் மெட்ராஸ்ல இருக்கணுங்க" என்றேன். என் அம்மா பாஞ்சாலை முழங்கையில் கிள்ளினாள்.

அங்கே ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் கரிக்குழாய்களைப் பூசி வைத்திருக்கிறேன். தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லியவை, மின்சாரம் கடத்துபவை. அவற்றின் மேல் எலிக்குட்டியின் நரம்புச் செல்கள் வளர்கின்றன. அவை தமக்குள் பேசிக்கொள்வதை அந்தக் கரி வழியாகக் கேட்க வேண்டும், அதுதான் என் ஆராய்ச்சி. நான்கு முறை வளர்த்தேன், நான்கு முறையும் செத்தன. இந்த ஐந்தாவது மட்டும் பத்தொன்பது நாளாக உயிரோடு இருக்கிறது. காலையில் ஊட்டநீர் மாற்றாவிட்டால் இதுவும் போய்விடும். எனக்குப் பதிலாக மாற்ற வேண்டியவன் காய்ச்சலில் கிடக்கிறான். இதை அவர்களிடமும் சொன்னேன்.

"எலி மூளைக்குச் சோறு போடவா நல்ல காரியத்த தள்ளிப்போடறது?" ஆராயி சிரித்தார். "கண்ணாலம் ஆனா எப்படியும் வுடணும். இப்பவே வுட்டுடும்மா."

எனக்குச் சுருக்கென்றது. "நான் வளத்த உயிர பட்டினி போடமாட்டேங்க. கண்ணாலம் ஆனாலும் வுடமாட்டேன்."

மாப்பிள்ளை இளவரசன் காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவ்ளோ திமிரு எங்களுக்கு வாணாம்" என்று ஆராயி எழுந்தார்.

நான் பையோடு இறங்கிவிட்டேன். பௌர்ணமி அன்று அந்தச் சாலையில் வண்டி ஓடாது. பஸ் ஸ்டாண்டு வரை நடைதான். ஊரே மலையைச் சுற்ற மேற்கே வந்துகொண்டிருக்க, நான் ஒருத்தி கிழக்கே போனேன். "எதிர்ல வரக்கூடாதும்மா, குத்தம்" என்றார் ஒருவர். குற்றமாகவே இருக்கட்டும். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது, கோபம்தான் ஜாஸ்தி.

யாரோ பின்னாலிருந்து பையை இழுத்தார்கள். அம்மா. பட்டுப் புடவையோடு ஓடி வந்திருந்தாள். திரும்ப இழுத்துப் போகத்தான் வந்திருக்கிறாள் என்று கையை உதறினேன். அவள் பையைப் பிடுங்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"இப்படிப் பூனை மாதிரி நடந்தா நீ எப்போ போய்ச் சேர்றது?"

எனக்கு முன்னால் போய்க் கையை நீட்டிக் கூட்டத்தைப் பிளந்தாள். "வழி வுடுங்க! எம் பொண்ணு வேலைக்குப் போவுது, வழி வுடுங்க!"

அரோகரா சொல்லிக்கொண்டு வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். நான் பின்னால் வருகிறேனா என்று அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.