தங்கைக்கு வைத்த நோஃபாலோ

காலை பத்து மணிக்குக் கடை ஷட்டரைத் தூக்கியதும் தங்கை தன் அக்காவுக்கு ஒரு போன் போடுவாள். பேச விஷயம் ஒன்றும் இருக்காது. "திறந்துட்டேன்" என்பாள். "சரி" என்பாள் அக்கா. அவ்வளவுதான். அந்தப் போன் வந்து மூன்று நாளாகிவிட்டது. நான்காம் நாளும் பத்தைத் தாண்டிப் பத்தே காலாயிற்று. அக்கா ஒரு தையல் மெஷினைக் கவிழ்த்து அடிவயிற்றைத் திறந்து போட்டுவிட்டு, எண்ணெய்க் கையோடு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

கணவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "தெரியாம எவ்வளவு தூரம் ஓட்டிடலாம்னு பாத்தே?" என்றார்.

மெஷின் மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்று பதினொரு வருடமாக அக்கா இணையத்தில் எழுதிவருகிறாள். நூல் அறுகிறதா, அடிநூல் சுற்றிய பாபின் சிக்குகிறதா, தேடுகிறவர்கள் வந்து விழுவது அவள் வலைப்பூவில்தான். வாசகர்களுக்கு அவள் பெயர் தையலக்கா. அவளிடம் தைக்கப் படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள்.

போன மாதம் தேடுபொறி நடத்துகிற கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கைமாறு பெற்றுக்கொண்டு கொடுத்த இணைப்புகள் உங்கள் பக்கங்களில் இருப்பதாகத் தெரிகிறது, சரிசெய்துவிட்டு எழுதுங்கள் என்று நாலே வரி. மறுநாள் பார்த்தால், முதலில் வந்து நின்ற அவள் பக்கங்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. ஊரைக் கூட்டித் தேடினாலும் அகப்படவில்லை.

எந்த இணைப்பு என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

தங்கை இரண்டு தெரு தள்ளி மெஷின், ஊசி, உதிரிச் சாமான் விற்கிறாள். இணையத்திலும் கடை வைத்திருக்கிறாள். போன வருடம் ஒரு புது மெஷினைக் கொண்டுவந்து அக்கா வீட்டில் இறக்கிவிட்டு, வச்சுக்கோக்கா, பிடிச்சா நாலு வரி எழுது என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தாள். நல்ல மெஷின்தான். எழுதினாள், கடைக்கு இணைப்பும் கொடுத்தாள். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. சும்மா வந்த மெஷின் என்பதை மட்டும் எழுதவில்லை.

அப்படிப்பட்ட இணைப்புக்கு நோஃபாலோ என்ற குறியை வைக்க வேண்டும் என்பது விதி. படிக்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. தொட்டால் கடைக்குப் போகலாம். தேடுபொறியிடம் மட்டும் அது, இந்தக் கடைக்கு நான் சாட்சி இல்லை என்று சொல்லிவிடும். தங்கையின் கடை தேடலில் மேலே வந்ததே அக்காவின் சாட்சியால்தான்.

சாட்சி விஷயத்தில் அக்காவுக்கு ஏற்கெனவே ஒரு பழி உண்டு. பள்ளிக்கூடத்தில் தங்கையின் கை பட்டு ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குடுவை உடைந்தது. வேண்டுமென்றா உடைத்தாள் என்று வாத்தியார் கேட்டபோது, பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்த அக்கா, "எனக்குத் தெரியாது சார்" என்றாள். நாற்பது வருடமாகத் தங்கை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். பாதி கேலி, பாதி கேலி இல்லை.

அதனால் அக்கா ஒரு காரியம் செய்தாள். வலைப்பூவின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'எல்லா இணைப்புகளுக்கும் நோஃபாலோ' என்றிருந்த ஒரே கட்டத்தைத் தட்டிவிட்டாள். எல்லோருக்கும் வைத்துவிட்டால் எனக்கு மட்டும் வைத்தாய் என்று எவரும் கேட்க முடியாதே. கம்பெனிக்கும் எழுதிப் போட்டாள்.

"ஒருத்தன் டிக்கெட் எடுக்கலேன்னு பஸ்ல இருந்த எல்லாரையும் இறக்கிவிட்டுட்டியா?" என்றார் கணவர்.

அன்றைக்கு அது சிரிப்பாக இருந்தது. பத்து மணிப் போன் நின்றதும் சிரிப்பும் நின்றது. இவளாகக் கூப்பிடலாம்தான். கூப்பிட்டு என்னவென்று ஆரம்பிப்பது?

மதியம் தங்கையே வந்துவிட்டாள். கடை நேரத்தில் அவள் கடையை விட்டு வந்ததாகச் சரித்திரம் கிடையாது. உட்காரவில்லை. அத்தானைப் பார்த்துத் தலையசைத்தாள், அவர் செய்தித்தாளோடு உள்ளறைக்குப் போய்விட்டார். தன் போனை இஸ்திரி மேசையில், அக்காவின் முன்னால் வைத்தாள்.

அவளுடைய இணையக் கடையைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு கருவியைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நோஃபாலோ வைத்த இணைப்பைச் சுற்றி அது சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டும். ஊசிகளைப் பற்றி அக்கா எழுதிய பக்கத்தில், தங்கை கடையின் பெயரைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கட்டம்.

"அன்னைக்கும் 'எனக்குத் தெரியாது'ன்னே, இன்னைக்கும் 'எனக்குத் தெரியாது'ங்கறே. நாப்பது வருஷத்துல ஒரு வார்த்தை மாறலியேக்கா உனக்கு."

அக்கா கடிதத்தைக் காட்டினாள், விதியைச் சொன்னாள், எல்லோருக்கும்தான் வைத்தேன் என்றாள். சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்குப் பிடிக்கவில்லை.

"லெட்டர் வந்த அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீ வருத்தப்படுவேன்னுதான்டி."

"இப்ப சந்தோஷத்துல குதிச்சிட்டு இருக்கேன் பாரு."

தங்கை போனைத் திரும்ப எடுத்துக்கொண்டு பக்கத்தை விரலால் மேலே தள்ளினாள். விரல் நின்றது. கிட்டே வைத்துப் பார்த்தாள். கோபம் அப்படியே இருக்க, புருவம் மட்டும் ஏறியது.

"இது யாரு, அக்கா?"

'என்னைப் பற்றி' என்ற பக்கம். அதற்கும் சிவப்புக் கட்டம். பாபின் சிக்கல், நூல் இறுக்கம், பெல்ட் மாற்றுவது என்று அக்கா எழுதிய அத்தனை பக்கங்களுக்கும் சிவப்புக் கட்டம். எல்லா இணைப்புகளும் என்றால் சொந்தப் பக்கங்களுக்குப் போகிற இணைப்புகளும் அதில் அடக்கம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நான்தான்" என்றாள் ஈனக் குரலில்.

"உனக்கே நீ சாட்சி இல்லியா?"

"டிரைவரையும் சேத்து இறக்கிட்டாளே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தங்கை உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. தோள் குலுங்க முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கணினியைத் திறந்தாள்.

செட்டிங்ஸ் பக்கத்தில் தட்டியதை எடுத்துவிட்டு, இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்கள். முந்நூறுக்கு மேல் இருந்தது. பழைய மெஷின்களைப் பற்றி எழுதும் மெக்கானிக் ஒருவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை, அவருக்குக் குறி வேண்டாம். கத்தரிக்கோல் அனுப்பிவைத்து எழுதச் சொன்ன கம்பெனிக்குக் குறி. ஊசிப் பக்கம் வந்தது. அக்கா குறி வைக்காமல் அடுத்ததற்குப் போனாள்.

"இதுக்கு ஏன் வைக்கல? ஊசியும் என் கடைதானே?"

"ஊசி நான் வாங்கினது."

"நீ எப்ப என்கிட்ட வாங்கினே?"

"படிக்க வர்ற பொண்ணை அனுப்பி வாங்கினேன். நான் வந்தா நீ காசு வாங்க மாட்டே. சும்மா வந்த ஊசியை நல்ல ஊசின்னு எப்படி எழுதுறது?"

அடுத்தது தங்கை கொடுத்த மெஷினைப் பற்றிய பக்கம். அக்காவின் கை மவுஸின் மேல் இருந்தது, விரல் அழுந்தவில்லை.

"குறி வச்சா ஆளுங்க வர மாட்டாங்களா?" என்று கேட்டாள் தங்கை.

"படிக்கிறவங்க வருவாங்க. தேடுறப்ப நீ முன்னாடி நிக்கிறது குறையும். எவ்வளவு குறையும்னு தெரியல."

மறைக்க ஒன்றுமில்லை இனி. அக்கா பக்கத்தின் தலையில் ஒரு வரியைத் தட்டினாள்: 'இந்த மெஷின் என் தங்கை கொடுத்தது. நான் விலை கொடுத்து வாங்கவில்லை.' தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கப் பயந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை அதைப் படித்தாள். இன்னொரு தரமும் படித்தாள்.

"தங்கைன்னு இத்தனை வருஷத்துல நீ எங்கேயும் எழுதினதே இல்லியேக்கா."

"வேண்டியவளுக்காக எழுதுறாள்னு சொல்லிடுவாங்களோன்னு..."

"சொல்லட்டும்." தங்கை திரையைக் காட்டினாள். "குறியை வை" என்றாள்.

அக்கா வைத்தாள். தங்கையின் போனில் சிவப்புக் கட்டம் விழுந்தது.

மறுநாள் பத்து மணிக்குப் போன் அடித்தது. எண்ணெய்க் கையாலேயே எடுத்தாள்.

"திறந்துட்டேன்."

"சரி."

தங்கை வைக்கவில்லை. "கம்பெனியிலேருந்து பதில் வந்துச்சா?"

"இன்னும் வரல."

"வந்தா முதல்ல எனக்குச் சொல்லு. நல்லதா இருந்தாலும் சரி, இல்லேன்னாலும் சரி."

சொல்கிறேன் என்றாள் அக்கா. கவிழ்ந்து கிடந்த மெஷினைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.