பட்டியலில் பாய்டின் பெயர்

காலையில் கண் விழித்ததும், பல் தேய்ப்பதற்கு முன்னால், நான் ஜெயில் பட்டியலைப் பார்ப்பேன். எங்கள் ஹாலிஸ் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், ஷெரீஃப் அலுவலகம் முந்தின நாள் பிடித்துப் போட்டவர்களின் பெயர், வயது, குற்றம், படம் எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிடும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்கள் ஊர்ச் செய்தித்தாளை மூடி ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகு இதுதான் செய்தித்தாள். சர்ச்சில் எனக்கு முன்வரிசையில் உட்காரும் சீமாட்டிகளும் இதைப் படித்துவிட்டுத்தான் பைபிளைத் திறக்கிறார்கள். போன வருடம் பியானோ வாசிப்பவளின் புருஷன் குடித்துவிட்டு வண்டியோட்டி மாட்டிக்கொண்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறுதல் சொல்கிறோம் என்று அவள் வீட்டில் கொண்டுபோய்க் குவித்த கேக்குகளை வைத்து ஒரு கல்யாணத்தையே முடித்திருக்கலாம்.

அவர்கள் வம்புக்காகப் பார்க்கிறார்கள். நான் என் சின்ன மகன் கெண்டல் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்கிறேன். அவனுக்கு முப்பத்து மூன்று வயது. முதலில் போதை மாத்திரை, பிறகு மாத்திரையைவிட மோசமானது. வீடு கிடையாது, போன் கிடையாது. பட்டியலில் பெயர் இருந்தால் அவன் தலைக்கு மேல் கூரை இருக்கிறது, மூன்று வேளை எதையோ கொடுக்கிறார்கள், மூச்சு விடுகிறான் என்று அர்த்தம். அன்றைக்கெல்லாம் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் பாட்டுப் பாடிக்கொண்டே உருளைக்கிழங்கு மசிப்பேன். மகன் ஜெயிலில் இருக்கிறான் என்று சந்தோஷப்படும் தாயைப் பார்த்திருக்கிறீர்களா? இதோ இருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை நாற்பத்தொரு நாளாக அவன் பெயர் வரவில்லை. சுற்றியிருக்கும் நான்கு கவுண்டிகளின் பட்டியல்களையும் அலசிவிட்டேன். ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்தேன். பிணவறைக்கும் செய்தேன். அங்கே போனை எடுத்த பையன் அடையாளம் கேட்டபோது, இடது புருவத்தில் தழும்பு என்று கடையில் சாமான் சொல்வது மாதிரி சொன்னேன். என் புருஷன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம். வீட்டில் பேச ஆள் இல்லாமல் சத்தம் போடும் ஃப்ரிட்ஜைத் திட்டிக்கொண்டு கிடந்தேன்.

நாற்பத்திரண்டாம் நாள், ஒரு புதன்கிழமை, பட்டியலில் எங்கள் குடும்பப் பெயர் இருந்தது. ஸ்டக்கி. ஆனால் கெண்டல் ஸ்டக்கி இல்லை, பாய்ட் ஸ்டக்கி. பாய்ட் என் மூத்த மகன். குற்றம் என்ற இடத்தில் பழைய பிடிவாரண்ட் என்று மட்டும் போட்டிருந்தது. படம் மத்தியானத்துக்கு மேல்தான் ஏற்றுவார்கள்.

நான் பாய்டைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் போலீஸில் மாட்டுகிற பையன்கள் அண்ணன் பெயரைக் கொடுப்பது வழக்கம். ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவர்களுக்கு அண்ணனின் பிறந்த தேதி தூக்கத்திலும் வரும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கெண்டல் அதைத்தான் செய்தான். மேலே பாய்டின் பெயர், கீழே கெண்டலின் மூஞ்சி. பட்டியலைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அவன்மேல் இன்னொரு வழக்கு விழுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன். தேதி கொடுத்து அவனை வெளியே விட்டார்கள், அவன் கோர்ட்டுக்குப் போகவில்லை, பிடிவாரண்ட் பாய்டின் பெயரில் வந்தது. கையெழுத்தாகும் நிலையில் இருந்த ஆஸ்பத்திரி வேலை ஒன்று அதனால் பாய்டின் கையை விட்டுப் போயிற்று. நீ போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும் அம்மா என்று போனில் கெஞ்சினான். அவன் உன் தம்பிடா, விட்டுக்கொடு என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு அவன் இந்தக் கவுண்டியில் கால் வைக்கவே இல்லை. வைத்தால் பிடித்துக்கொள்வார்கள்.

ஆகவே உள்ளே இருப்பது கெண்டல்தான், பழைய வேலையையே மறுபடி காட்டியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு முகம் கழுவி, வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, கடையில் நிறுத்தி ஒரு பாக்கெட் சாக்ஸ் வாங்கினேன். வெள்ளையாக, பிரிக்காத பாக்கெட்டாக இருந்தால்தான் ஜெயிலில் வாங்கிக்கொள்வார்கள்.

ரெக்கார்டு கவுண்டரின் கண்ணாடிக்குப் பின்னால் ட்ரீனா இருந்தாள். ஆறு வாரமாகத் தினமும் போனில் நான் எடுத்தது அவள் உயிரைத்தான். படிவத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, அது பாய்ட் இல்லை, கெண்டல் என்றேன். ட்ரீனா திரையை என் பக்கம் திருப்பினாள்.

பாய்டேதான். தாடி நரைத்திருந்தது. நெற்றி அப்படியே என் புருஷனுடையது. இத்தனை வருடம் கழித்து மூத்த மகனின் முகத்தைப் பார்க்கிறேன், அதுவும் ஜெயில் படத்தில். எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை, ஏமாற்றம். ஐயோ, இது கெண்டல் இல்லையே என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

"நேத்து சாயங்காலம் பிரேக் லைட் எரியலைன்னு நிறுத்தியிருக்காங்க, மிஸ் ஓர்லீன்," என்றாள் ட்ரீனா. "பேரைப் போட்டதும் வாரண்ட் வந்திருக்கு. அது நான் இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. இங்க வர்றவங்க எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க."

ஒன்பது வருடத்துப் பழைய பதிவை எடுக்கச் சொன்னேன். திரையில் இருபத்து நாலு வயது கெண்டல், இடது புருவத்தில் தழும்போடு வந்து நின்றான்.

"இது என் சின்னவன், ட்ரீனா. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"அன்னைக்கேவா?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேட்டாள். நான் இரண்டு தடவையும் ஆமாம் என்றேன்.

அவள் கொடுத்த தாளில் எல்லாவற்றையும் எழுதி, ஒரு டெபுடி அதிகாரியின் முன்னால் கையெழுத்துப் போட்டேன். பழைய கைரேகையைப் பாய்டின் கைரேகையோடு ஒத்துப் பார்த்தார்கள். நீதிபதி சாப்பிட்டுவிட்டு வந்து வாரண்டை ரத்து செய்தார். ஒன்பது வருடம் கிடந்த விஷயம் ஒரு பகலில் முடிந்துபோனது. மூன்று மணிக்குப் பாய்ட் வெளியே வந்தான்.

பெல்ட்டும் பர்ஸும் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன. என்னைப் பார்த்து நின்றான், கிட்டே வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த சாக்ஸை நீட்டினேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"இது கெண்டல் சைஸு," என்றான்.

ஆமாம் என்றேன்.

பெல்ட்டை மாட்டிக்கொண்டே அவன் சொன்னான். "அவன் என் வீட்டுலதான் இருக்கான். ஆறு வாரமாச்சு. எதையும் தொடல."

எந்த ஊர், இப்போதே உன்னோடு வருகிறேன் என்றேன். பாய்ட் மறுப்பாகத் தலையை ஆட்டினான்.

"உன்கிட்ட சொல்ல வேணாம்னு அவன்தான் சொன்னான், அம்மா. நீ வந்தா அழுவே. அவன் என்ன கேட்டாலும் குடுத்துடுவே. அதுதான் அவனுக்குப் பயமா இருக்கு."

பெற்றவள் நான், எனக்கே முகவரி இல்லையா என்று தொண்டை வரை வந்தது. ஆனால் கேட்டதையெல்லாம் நான் கொடுத்திருக்கிறேன். நடுங்குகிறானே என்று, கடைசியாக ஒரே ஒரு தடவை என்று, எத்தனை கடைசித் தடவை. வந்த வார்த்தையை விழுங்கினேன்.

சிகிச்சை நிலையத்தில் சேர்க்கக் கெண்டலுக்கு அடையாள அட்டை வேண்டுமாம். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதற்காகத்தான், மாட்டினால் மாட்டட்டும் என்று, பாய்ட் முந்தின நாள் எதிரே இருக்கும் கோர்ட் கட்டடத்துக்கு வந்திருக்கிறான். அண்ணனுக்குத் தர முடியாது, அம்மா கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்திருக்கலாமே என்றேன். அவன் பர்ஸைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவனைப் போலீஸ் நிறுத்தியது கவுண்டியின் மேற்கு எல்லைக்கு இரண்டு மைல் முன்னால். என் வீடு கிழக்கே இருக்கிறது.

சாலையைக் கடந்து கோர்ட் கட்டடத்துக்குள் போனோம். சான்றிதழ் கேட்கும் படிவத்தில் தாய் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, அனுப்ப வேண்டிய முகவரி என்ற இடத்தைக் காலியாக விட்டுத் தாளைப் பாய்டிடம் தள்ளினேன். அவன் எழுதும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எழுதி முடித்ததும், போலீஸ் இழுத்துப்போன வண்டியை எடுக்க நடந்தே போய்க்கொள்கிறேன் என்றான். கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றான்.

"சாப்பிடுறானா?" என்று கேட்டேன்.

"நல்லாச் சாப்பிடுறான்," என்று சொல்லிவிட்டுப் போனான். சாக்ஸ் பாக்கெட்டைக் கையில் வைத்திருந்தான்.

நான் கைப்பையைத் தேடி எடுப்பதற்குள் கவுண்டரில் இருந்த பெண் ஒரு தாளை மடித்து நீட்டினாள். கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஒரு நகல் உண்டு என்றாள். என் கை பாதி தூரம் போய்விட்டது. இத்தனை வருடம் எத்தனை பட்டியல், எத்தனை படிவம், எத்தனை போன். தேடியது மொத்தமும் அந்த மடிப்புக்குள் ஒரு வரியாக இருந்தது. வாங்கினால் அன்று மாலையே வண்டியைக் கிளப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

"வேணாம். கிழிச்சுப் போட்டுடுங்க," என்றேன்.

"கிழிக்கக் கூடாதுங்க, இது ரெக்கார்டு. ஃபைல்ல வச்சிருக்கேன். நீங்க தாயார், உங்களுக்கு உரிமை இருக்கு. எப்ப வேணா வந்து கேளுங்க."

அந்த அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. நான் வேலைக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. இன்றோடு பதினோரு நாள் நிற்காமல் கடந்து போயிருக்கிறேன்.