இரண்டாம் குரல்காரி தனியாகப் பாடிய ஞாயிறு

நெரெய்தா லெஸ்காயின் ஐம்பதாண்டுக் கலைவாழ்வைக் கொண்டாடப் போகிறார்கள் என்று கியூபாவின் சாந்தியாகோ நகர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். ஐம்பது என்று எப்படிக் கணக்கு வந்தது என்று பண்பாட்டு அலுவலகத்தில் விசாரித்தேன். பதினோரு வயதில் சர்க்கரை ஆலைத் தொழிலாளர் விருந்தில் முதன்முதலாகப் பாடினாளாம். அந்த விருந்தில் நானும் இருந்தேன். அவள் பாடவில்லை. வறுத்த வாழைக்காய் தீர்ந்துவிட்டதென்று அழுதாள். நல்ல உச்சஸ்தாயியில் அழுதாள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

சுவரொட்டி நிறைய நெரெய்தாவின் முகமும் அவளுடைய நீல ஜிகினா உடையும் இருந்தன. கீழ் மூலையில், அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே, 'இரண்டாம் குரல்: மி. துவெர்ஹெல்' என்று போட்டிருந்தது. என் பெயரை மிக்தாலியா என்று முழுதாகப் போட மை போதவில்லை போலும்.

எங்கள் ஊர்க் காதல் பாட்டுகள் இரண்டு குரலுக்கென்று செய்தவை. முதல் குரல் மெட்டைப் பாடும். இரண்டாம் குரல் அதற்குக் கீழே, வேறு ஸ்வரங்களில் நின்றபடி, அதைத் தாங்கும். மெட்டை ஊரே முணுமுணுக்கும். தாங்கியதை முணுமுணுத்துக்கொண்டு போனவரை நான் இதுவரை கண்டதில்லை. நெரெய்தாவின் குரலை முப்பத்தாறு வருடமாகத் தாங்குகிறேன். ஹவானாவிலும் தாங்கினேன், மெக்சிகோவிலும் தாங்கினேன், பனி கொட்டிய பிராகாவில் பல் தந்தியடிக்கத் தாங்கினேன். பூங்கொத்து அவளுக்குத்தான் வரும். வாங்கி முத்தம் கொடுத்துவிட்டு, கை வலிக்கிறதென்று என்னிடம் நீட்டுவாள்.

கிட்டார்க்காரன் எவேலியோ முதலில் எனக்குத்தான் கடிதம் எழுதினான். கட்டிக்கொண்டது அவளை. ஆறு வருடத்தில் பிரிந்தும் விட்டார்கள். ஆனாலும் கிட்டாருக்கு இன்றுவரை அவள் குரலை வைத்துத்தான் சுருதி சேர்க்கிறான்.

விழா ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு. வெள்ளிக்கிழமை நெரெய்தாவுக்குக் குரல் போயிற்று. கலைக்காகப் போகவில்லை. ரேஷன் கோழிக்கான வரிசையில் குறுக்கே நுழைந்த ஒருத்தியை முக்கால் மணி நேரம் திட்டியதில் போயிற்று. கோழி கிடைத்தது. ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார் மருத்துவர்.

பண்பாட்டு அலுவலகத்துத் தோழர் பெர்முதெஸ் என் வீட்டுக்கு ஓடி வந்தார். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"விழாவைத் தள்ளிப் போட முடியாது, தோழர் மிக்தாலியா. ஹவானாவுல இருந்து பிரதிநிதி கிளம்பியாச்சு. கேக்கும் வந்தாச்சு. வரலாறு யாருக்காகவும் காத்திருக்காது."

"கேக்குதான் காத்திருக்காது. இந்த வெயில்ல க்ரீம் உருகிடும்."

"அவங்க பாட்டை நீங்க பாடிடுங்க. 'சன்னலைச் சாத்தாதே' ஒண்ணே ஒண்ணு போதும். தனியா."

தனியா என்ற அந்தச் சொல்லுக்காக முப்பத்தாறு வருடம் காத்திருந்தவள் நான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் கைக்குட்டையை மடிப்பதற்குள் யோசித்து முடித்துவிட்டேன்.

சனிக்கிழமை சிவப்பு உடையை எடுத்து இஸ்திரி போட்டேன். இரண்டாம் குரலுக்குச் சாம்பல் நிறம் என்பது நெரெய்தா போட்ட சட்டம். அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு என்னிடம் பதினான்கு சாம்பல் உடைகள் சேர்ந்திருந்தன. எவேலியோ கிட்டாரோடு வந்தான்.

"ஒருதரம் பாடிப் பாத்துடலாமா, மிக்தா?"

"எதுக்கு? முப்பத்தாறு வருஷமா என் காதுக்குள்ளயே நின்னு கத்தறா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பாடுவேன்."

"காதுல இருக்கறது வேற. தொண்டையில இருக்கறது..."

"நீ அவ கட்சின்னு ஊருக்கே தெரியும். காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்பு."

அவன் போனதும் அவளே வந்தாள். கழுத்தில் பட்டுத் துணி, கையில் பள்ளிக்கூட நோட்டு, பேனா. நாற்காலியில் உட்கார்ந்து எழுதி நீட்டினாள்: 'கேள்விப்பட்டேன். உனக்கு வராதுடி.'

"ஏன் வராது?"

'வராது. ஒத்திகை பாரு.' கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

"வயிறு எரியுதா, கண்ணு?"

திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். மருத்துவர் சொன்னது நினைவுக்கு வரவே மூடினாள். அவளோடு பழகிய காலத்தில் அப்படியொரு அமைதியை நான் அனுபவித்ததில்லை. இன்னொரு காப்பி கொடுத்து இன்னும் கொஞ்சம் நேரம் உட்கார வைத்தேன். போகும்போது ஒரு வரி எழுதிக் காட்டினாள்: 'சிவப்பு போடாதே. குண்டாத் தெரியும்.'

சிவப்பே போட்டேன்.

மன்றத்தில் இருநூறு நாற்காலி, முந்நூறு பேர், அத்தனை கையிலும் விசிறி. தோழர் பெர்முதெஸ் நாற்பது நிமிடம் பேசினார். நெரெய்தாவைக் கடலோடு ஒப்பிட்டார், மலையோடு ஒப்பிட்டார், கடைசியில் ஒரு நல்ல வருடத்துக் கரும்பு அறுவடையோடும் ஒப்பிட்டார். முன்வரிசையில் நீல ஜிகினாவில் அவள் எல்லாவற்றையும் தலையசைத்து ஏற்றுக்கொண்டாள். பிறகு, "நம் கலைமணியின் நெருங்கிய தோழி" என்று என்னை அழைத்தார். பெயரைச் சொல்லவில்லை. பரவாயில்லை, பாடிய பிறகு கேட்டுத் தெரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

ஒலிவாங்கிக்கு இடது பக்கம் இரண்டடி தள்ளித்தான் நான் எப்போதும் நிற்பேன். அன்று நேர் எதிரே நின்றேன். எவேலியோ முன்னிசையை வாசித்து முடித்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தான். வாயைத் திறந்தேன்.

இரண்டாம் குரல் வந்தது.

முதல் அடி முழுக்க அதேதான். மெட்டு மேலே எங்கேயோ ஏற வேண்டிய இடத்தில், என் தொண்டை ஒரே ஸ்வரத்தில் நின்று யாரோ வருவதற்காகக் காத்திருந்தது. இரண்டாம் அடியில் வலுக்கட்டாயமாக மேலே ஏறினேன். அரை அடி ஏறியதும் வழுக்கிப் பழைய இடத்திலேயே விழுந்தேன். சபையில் விசிறிகள் நின்றன.

"இது எந்தப் பாட்டு?" என்றாள் இரண்டாம் வரிசையில் ஒருத்தி.

"புதுசு போல இருக்கு," என்றார் பக்கத்திலிருந்தவர். "பாட்டா, ஜெபமா?"

ஹவானாப் பிரதிநிதி நிகழ்ச்சி நிரலைத் திருப்பிப் பார்த்தார். என் காது மெட்டு முழுவதையும் வைத்திருந்தது. தொண்டையில் ஒன்றுமில்லை. எவேலியோ தலையைக் குனிந்துகொண்டு வாசித்தான். மூன்றாம் அடியோடு நிறுத்திவிட்டு மேடையை விட்டு இறங்குவது என்று முடிவு செய்தேன்.

அப்போது நெரெய்தா எழுந்தாள்.

எனக்கு முதுகைக் காட்டிச் சபையைப் பார்த்து நின்றாள். ஒரு கையை உயர்த்தினாள். சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் பெரிதாக அசைத்து, சன்னலைச் சாத்தாதே என்றாள். முன்வரிசை பிடித்துக்கொண்டது. அடுத்த வரி வருவதற்குள் முந்நூறு பேரும் மெட்டைப் பாடினார்கள். விசிறி விற்பவள் பாடினாள். பெர்முதெஸ் சுருதியில்லாமல் பாடினார். அவர்கள் மேலே, நான் கீழே. அவ்வளவு பெரிய முதல் குரலை நான் அதுவரை தாங்கியதில்லை. நன்றாகத்தான் தாங்கினேன். அதை நான் சொன்னால்தான் உண்டு. வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. எல்லோரும் அவளைப் பார்த்துத் தட்டினார்கள். குரலே இல்லாமல் பாடிக் காட்டிவிட்டாரே என்று பெர்முதெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூங்கொத்து வந்தது. அவள் வாங்கி முத்தம் கொடுத்துவிட்டு, மேடைமேல் இருந்த என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கை பழகிவிட்டது.

கேக் வெட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அழுதுவிடுவேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நோட்டைத் திறந்து எழுதினாள்: 'ரெண்டாவது சரணத்துல தாமதமா வந்த.'

வந்தேன்தான். அதுதான் இன்னும் எரிந்தது. முந்நூறு பேர் கத்தும்போதும் என் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்டிருக்கிறாள்.

பேனாவைப் பிடுங்கி அதற்குக் கீழே எழுதினேன்: 'நீ ஒருதரம் ரெண்டாம் குரல் பாடிப் பாரேன்.' எழுதிவிட்டுப் பேனாவை அவள் கையில் திரும்ப வைத்தேன்.

படித்தாள். உதடு மெல்ல அசைந்தது. பாட்டை மனசுக்குள் எடுத்து, கீழே எங்கேயோ என் இடத்தைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். புருவம் சுருங்கியது. தட்டில் க்ரீம் உருகிக்கொண்டிருந்தது.

நோட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள். குரல் இல்லாததால் பதில் சொல்லவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பேனா அவள் கையில்தான் இருந்தது.