மன்னிப்புக் காட்சி

நாடகத்தன்று காலையில் தேவிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

தேவி என்றால் வேறு யாருமில்லை, நாடகத்தில் அந்த வேஷம் கட்டுகிற அவளுடைய கொழுந்தன்தான். கல்யாணமான நாள் முதலாக அவள் பார்த்துவருவது இது. வருஷத்துக்கு ஒரு தடவை கொழுந்தன் மீசையை மழித்துக்கொண்டு தேவியாகிவிடுவார். அவள் புருஷன் சாமியாகிவிடுவார். அவள் திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு பேருக்கும் அடியெடுத்துக் கொடுப்பாள். குழுவை நடத்துவதும் புருஷன்தான், அதனால் ஊருக்கே அவர் வாத்தியார். கொழுந்தன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு குழுவில் எல்லாருக்கும் அவள் அண்ணி. அசுரன் வேஷம் கட்டுகிற பல் டாக்டர் அவளைவிட நாலைந்து வயது மூத்தவர், அவருக்கும் அண்ணிதான்.

கொழுந்தன் வாயைத் திறந்தால் பஞ்சரான டயரில் காற்றுப் போகிற சத்தம் வந்தது. வெந்நீருக்கும் மாத்திரைக்கும் கேட்கவில்லை. ஒத்திகைக் கூடத்தில் ஆண்கள் அத்தனை பேரும் கப்பல் கவிழ்ந்த மாதிரி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவள்தான் சொன்னாள்.

"நான் வேஷம் கட்டறேன். தேவி வசனம் எனக்குத் தலைகீழாத் தெரியும்."

துணிமணி பார்த்துக்கொள்கிற தையல்காரி ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "அரை மணி நேரம் குடுங்க, ரவிக்கையை அண்ணிக்குப் பிடிச்சுத் தந்துடறேன்."

வாத்தியார் சிரித்தார். அவருக்குக் கோபம் வந்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். "பொம்பளை கோவப்படறதைப் பாக்க எவன் டிக்கெட் எடுத்துட்டு வருவான்? அதான் வீட்டுக்கு வீடு ஓசியிலேயே நடக்குதே!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். "அப்ப ஆம்பளை மீசையை வழிச்சுட்டுக் கோவப்பட்டாத்தான் அது தெய்வமா?"

பல் டாக்டருக்குப் புரை ஏறியது. வாத்தியார் முகம் கறுத்துவிட்டது. "நாலு பேர் முன்னாடி எடுத்தெறிஞ்சு பேசறியா? முதல்ல மன்னிப்புக் கேளு."

கேட்பது அவளுக்குப் புதிதில்லை. வண்டிச் சாவியைத் தொலைத்தது அவராக இருக்கும், மன்னிப்புக் கேட்டது அவளாக இருக்கும். காரியம் நடக்கட்டும் என்று கேட்டுவிடுவாள். வாய் வார்த்தைதானே, தேய்ந்தா போகும் என்று நினைத்திருந்தாள். தேய்ந்துதான் போயிருக்கிறது என்பது அன்றைக்கு அந்தக் கூடத்தில் நிற்கும்போதுதான் தெரிந்தது. வார்த்தை வரவே இல்லை.

கடைசியில் பல் டாக்டர்தான் வழி சொன்னார். அண்ணி திரைக்குப் பின்னாலிருந்து மைக்கில் பேசட்டும், தேவி மேடையில் வாயை மட்டும் அசைக்கட்டும்.

"அது சரி," என்றார் வாத்தியார். "அவ குரல் வந்தாப் போதும், அவ வரவேண்டாம்." பிறகு அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "இங்க கேக்காத மன்னிப்பை சாயங்காலம் மேடையில கேக்கத்தானே போற."

அவர் சொன்னது கடைசிக் காட்சியை. அசுரனைக் கொன்ற பிறகும் தேவியின் ஆங்காரம் அடங்காது. உலகம் நடுங்கும். அப்போது சாமி வருவார். தேவி அவர் காலில் விழுந்து, "பெண்புத்தியால் பிழை செய்தேன், பொறுத்தருள்க சுவாமி" என்பாள். சாமி கையை உயர்த்துவார், திரை விழும். எழுதியது வாத்தியார். வருஷா வருஷம் அந்த வரியை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் அவளுக்கு உறுத்தும். தேவர்கள் அத்தனை பேரும் கெஞ்சிக் கூத்தாடித்தானே இவளைச் சண்டைக்கு அனுப்பினார்கள்? அனுப்பிவிட்டு ஏன் கோபப்பட்டாய் என்று கேட்டால் என்ன நியாயம்?

சாயங்காலம் கூடம் நிரம்பி வழிந்தது. முதல் வசனத்திலேயே சளசளப்பு அடங்கிவிட்டது. அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற குரல்தான். இங்கே அதை யாரும் மெதுவாகப் பேசு என்று சொல்ல முடியாது. "வாடா!" என்று அசுரனை அழைத்தபோது மேடையில் பல் டாக்டர் நிஜமாகவே இரண்டடி பின்வாங்கினார். கொழுந்தனும் சளைக்கவில்லை. அவள் மூச்செடுக்கும் இடத்தில் மூச்செடுத்தார், அவள் உறுமினால் சூலத்தை ஓங்கினார். முன்வரிசைப் பெண்கள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். திரைக்கயிற்றைப் பிடித்திருந்த தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அசுரன் விழுந்தான். சாமி வந்தார். தேவி மண்டியிட்டு, கைகூப்பி, வாயைத் திறந்தார்.

மைக் அவள் உதட்டுக்கு அருகில் இருந்தது. அவள் பேசவில்லை.

கொழுந்தன் வாயை மூடி, மறுபடி திறந்தார். கூடத்தில் யாரோ இருமினார்கள். வசனத்துக்கு முன்பே உயர்த்திவிட்ட கையை இறக்காமலே வாத்தியார் திரைப்பக்கம் முகத்தைச் சாய்த்தார்.

"பெண்புத்தியால்..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடியெடுத்துக் கொடுத்தார். "சொல்லுடி. பெண்புத்தியால்..."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பயமும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். வீட்டுக்குப் போகவேண்டும், அதே வாசல், அதே சாப்பாட்டு மேஜை. போகலாம், பார்த்துக்கொள்ளலாம். மைக்கைக் கையில் எடுத்தாள்.

"நான் செய்த பிழை என்ன, சுவாமி?"

கொழுந்தனின் வாய் பழக்கத்தில் அதற்கும் அசைந்தது. அசைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒரு கணம் அண்ணனைப் பார்த்தார். பிறகு முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"திரையை விடு!" வாத்தியார் சீறினார்.

"முடிச்சு இறுகிப்போச்சுங்க," என்றாள் தையல்காரி, கயிற்றை இன்னொரு சுற்று கம்பத்தில் சுற்றியபடி.

முக்காலியை விட்டு எழுந்து அவள் பக்கத்திரையை ஒதுக்கிக்கொண்டு மேடைக்கு வந்தாள். வேலைக்குக் கட்டுகிற அதே புடவை, மூக்கில் கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. கொழுந்தன் நகர்ந்து நடு மேடையை அவளுக்கு விட்டார். முன்வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள். பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம் வரிசை வரிசையாகக் கேட்டது.

"கேட்டது உங்களைத்தான்," என்றாள். இந்தத் தடவை மைக் தேவைப்படவில்லை. "என்ன பிழை?"

சாமிக்கு அந்த இடத்தில் வசனம் கிடையாது. உயர்த்திய கை உயர்த்தியபடியே இருக்க, வாத்தியார் எப்போதும்போல அடுத்த வரிக்காகத் திரைப்பக்கம் திரும்பினார். அங்கே முக்காலி மட்டும் இருந்தது.